பல்கலைக்கழகம் புதுசு, படிப்பை மாற்றலாமா?

கேள்வி: புதிதாகத் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெக் முதலாண்டு முடிக்கப்போகிறேன். கோடிங் என்றாலே வெறுப்பாக இருக்கிறது. வேறு காலேஜுக்கு மாறலாமா?
- ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: இதில் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. ஒன்று கோடிங், இன்னொன்று காலேஜ். கோடிங் பிடிக்கவில்லை என்றால் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்தாலும் பிடிக்காது. முதலில் உள்ளேயே வேறு பிரிவு கிடைக்குமா என்று டீன் அலுவலகத்தில் விசாரியுங்கள். பல இடங்களில் முதலாண்டு மதிப்பெண்ணையும் காலி இடத்தையும் பார்த்து மாற்றித் தருகிறார்கள். ஆகவே இந்த செமஸ்டரில் அரியர் வேண்டாம்.

புதுசு என்பதற்காகப் பயப்படாதீர்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமே 2009இல் வந்ததுதான். யுஜிசி பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெளியே போவதென்றால், படித்த பாடங்களின் கிரெடிட்டைச் சேமித்து வேறு காலேஜுக்குக் கொண்டுபோக 2021இல் வந்த கிரெடிட் வங்கியை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். எந்தப் பாடத்தை ஏற்பது என்பது சேர்த்துக்கொள்ளும் காலேஜின் கையில். சிலபஸ் நகலோடு நேரில் போய்க் கேளுங்கள். ஓராண்டு போனாலும் போகலாம். அப்பாவிடம் அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

அங்கே சீட் எழுத்தில் உறுதியாகும்வரை இங்கே டி.சி. கேட்காதீர்கள். அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தால், அவற்றைப் பிடித்துவைக்கக் கூடாது என்ற 2018 யுஜிசி அறிவிப்பைக் காட்டுங்கள்.