வங்காரி மாத்தாய் பேசாமல் மரம் நடவில்லை

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் மேடையேறும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை: கென்யாவில் வங்காரி மாத்தாய் என்றொரு அம்மையார் இருந்தார், அரசியல் பக்கமே போகவில்லை, யாரையும் எதிர்த்துப் பேசவில்லை, தானுண்டு மரமுண்டு என்று இருந்தார், நோபல் பரிசு வீடு தேடி வந்தது. பள்ளி ஆண்டு மலரிலும் இதே கதை, வாட்ஸ்அப்பிலும் இதே கதை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்தக் கதையில் கென்யாவும் மரமும் நோபலும் உண்மை. மற்றது அத்தனையும் பொய். அதுவும் தீங்கான பொய். நல்ல சூழலியலாளர் என்றால் வாயை மூடிக்கொண்டு குழி தோண்டுகிறவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற பொய்.

அந்த அம்மையார் வாயை மூடிய ஓர் ஆண்டை யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

1971-இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். கால்நடை உடற்கூறியல் துறைக்குத் தலைவரானார். 1977 ஜூன் 5 அன்று கென்யத் தேசிய மகளிர் மன்றத்தின் சார்பில் நைரோபியில் 7 கன்றுகள் நட்டார். பசுமை வளைய இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. இதுவரை மேடைப் பேச்சாளருக்கும் தெரியும். 1982-இல் என்ன நடந்தது என்று அவரைக் கேளுங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காக மாத்தாய் பல்கலைக்கழக வேலையை விட்டார். வாக்காளர் பதிவில் குறை என்று சொல்லி அவரைப் போட்டியிட விடவில்லை. திரும்பி வந்தால் வேலையும் இல்லை, குடியிருந்த பல்கலைக்கழக வீடும் இல்லை. அரசியல் பக்கம் போகாதவருக்கு இதெல்லாம் ஏன் நடந்தது?

1989-க்கு வருவோம். நைரோபியின் நடுவில் உஹுரு பூங்கா. ஏழை எளியவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து உட்காரும் இடம். அதில் 60 மாடிக் கட்டடமும் அதிபர் டேனியல் அரப் மோயின் பெரிய சிலையும் எழுப்ப ஆளுங்கட்சி திட்டமிட்டது. மாத்தாய் ஒரு கன்றைக்கூட நடவில்லை, கடிதம் எழுதினார். அமைச்சகங்களுக்கு, ஐ.நா. அமைப்புகளுக்கு, பிரிட்டனின் தூதருக்கு. லண்டன் ஹைட் பார்க்கில் இப்படி ஒன்றைக் கட்ட விடுவீர்களா என்று கேட்டார். நாடாளுமன்றத்தில் அவருடைய இயக்கத்தை விவாகரத்தான பெண்களின் கூட்டம் என்று ஏசினார்கள். ஆப்பிரிக்க மரபில் பெண் ஆணுக்கு அடங்க வேண்டும் என்று அதிபரே பேசினார். இயக்கத்தின் அலுவலகத்தை 24 மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அலுவலகம் அவருடைய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடைசியில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்வாங்க, கட்டடம் வரவில்லை. 2011-இல் அவர் இறந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்ததும் அதே பூங்காவில்தான். மேடையில் சொல்ல வேண்டிய கதை இது.

1992-இல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் அந்தப் பூங்காவின் ஒரு மூலையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாத்தாய் அவர்களோடு உட்கார்ந்தார். போலீஸ் தடியடியில் நினைவிழந்து மருத்துவமனைக்குப் போனார். தாய்மார்கள் தேவாலயத்துக்குள் இடம்பெயர்ந்து போராட்டத்தைத் தொடர, கைதிகளில் பெரும்பாலோர் 1993-இல் வெளியே வந்தார்கள். 1997-இல் அதிபர் தேர்தலுக்கே நின்றார். வாக்குப்பதிவு நெருங்கிய நேரத்தில் அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று வதந்தி கிளப்பினார்கள், தோற்றார்.

பிறகு கருரா காடு. நைரோபிக்கு வடக்கே சுமார் 1,000 ஹெக்டேர். ஆட்சியாளர்களுக்கு வேண்டியவர்களுக்கு அதைத் துண்டு துண்டாகப் பங்குபோட்டிருந்தார்கள். 1999 ஜனவரியில் மாத்தாய் அங்கே கன்று நடப் போனார். கூலியாட்கள் தாக்கி மண்டையை உடைத்தார்கள். நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், வழிந்த ரத்தத்தைத் தொட்டே புகாரில் அடையாளமிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் பொது நிலங்களைத் தனியாருக்கு ஒதுக்குவதை நிறுத்துவதாக மோய் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கன்று ஒரு மனு. இந்த நிலம் யாருடையது என்று கேட்கும் மனு. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டுக் கன்றை மட்டும் கொண்டாடுகிறவர்கள் அவரைக் கௌரவிக்கவில்லை.

2002-இல் டெட்டு தொகுதியில் 98 சதவீத வாக்குகளோடு நாடாளுமன்றம் போனார். முவாய் கிபாகி அரசில் சுற்றுச்சூழல் துறையின் துணை அமைச்சரானார். மசிங்கிரா என்ற பசுமைக் கட்சியைத் தொடங்கினார். நோபல் வந்த 2004-இல் அவர் பதவியிலிருந்த அரசியல்வாதி! நோபல் குழுவும் நீடித்த வளர்ச்சி, ஜனநாயகம், அமைதி என்று மூன்றையும் சேர்த்தே சொன்னது. மரத்துக்கான பரிசு என்று அது எங்கும் சொல்லவில்லை.

சரி, மற்ற கதைகள். மூன்று கோடி மரங்களை அவர் ஒருவரே நட்டார் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தாலே அபத்தம் தெரியும். நட்டவர்கள் கிராமத்துப் பெண்கள். பட்டம் பெற்ற வனத்துறை ஆட்கள்தான் நாற்று வளர்க்க முடியும் என்று சொல்லப்பட்டபோது, உடைந்த பானைகளில் விதையிட்டு வளர்த்துக் காட்டியவர்கள். பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் அவர்களுக்குச் சிறு தொகை கிடைத்தது. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு.

எய்ட்ஸ் கிருமியை விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள் என்று அவர் சொன்னதாக 2004-இல் ஒரு கென்யப் பத்திரிகை எழுதியது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் எழுத்து மூலமாகவே மறுத்தார். அப்படிச் சொல்லவுமில்லை, நம்பவுமில்லை என்றார். அந்தத் தெளிவு சில மாதங்கள் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் மறுப்பை மறைத்துப் பழைய செய்தியை மட்டும் பரப்புவது அயோக்கியத்தனம்.

அமைச்சரானதும் எல்லாவற்றையும் சாதித்துவிட்டார் என்பதும் தவறு. அவர் துணை அமைச்சர்தான். அரசுத் தோட்டக் காடுகளில் இளங்கன்றுகளுக்கு நடுவே விவசாயிகள் பயிரிடும் ஷாம்பா முறையை அவர் கடுமையாக எதிர்த்தார், அது நின்றது. பின்னாளில் வேறு பெயரில் திரும்பி வந்தது. 2007-இல் தொகுதியையே இழந்தார்.

இனி எனக்குப் பொறுக்காத ஒன்று: எந்த மரமானால் என்ன, நட்டால் போதும் என்று அவர் பெயரால் சொல்வது. நான் தாவரவியல் கற்பிக்கிறவன். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நியேரிப் பக்கம் அவர் பிறந்த ஊரில் முகுமோ என்கிற காட்டத்தி நின்றது. அதன் கீழே சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தார். அதன் வேர் பாறையைப் பிளந்து ஆழத்துக்கு இறங்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அந்த வழியே நீர் மேலே வரும். மரம் வெட்டப்பட்டு நிலம் தேயிலைக்குப் போனது, ஓடை வறண்டது. காலனி ஆட்சியில் இயற்கைக் காட்டை அழித்துப் பைனும் யூகலிப்டஸும் சீகையும் வளர்த்ததை அவர் வாழ்நாள் முழுதும் கண்டித்தார். நீலகிரியின் புல்வெளிகளிலும் அதே யூகலிப்டஸையும் சீகையையும்தான் அன்றைய ஆங்கில ஆட்சி நட்டது. இன்னும் பிடுங்கி முடியவில்லை.

ஆகவே அவர் பெயரில் கன்று நட விரும்பும் பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் சொல்கிறேன். லாரியில் வந்து இறங்கும் கன்றை வாங்காதீர்கள். உங்கள் வட்டாரத்துக் கோயில் காட்டிலோ கண்மாய்க் கரையிலோ நிற்கும் தாய்மரத்திலிருந்து விதை சேகரியுங்கள். நாற்றங்காலைப் பள்ளிக்கு அருகிலுள்ள மகளிர் குழுவிடம் கொடுங்கள். கன்று ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஆனால் ஒரு கோடை தாண்டிப் பிழைத்த கன்றுக்குத்தான் பணம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடப்போகும் புறம்போக்கு பஞ்சாயத்துக் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது என்று குழி தோண்டும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.