வழுக்கும் சக்கரமும் வழுவா ஆய்வும்

நுழையும்முன்

பழுது வெளிப்படும் இடம் ஒன்று. அதன் காரணம் இருக்கும் இடம் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பழுதுநீக்கும் கலையின் அடிப்படை. ஊர்தியின் பின்னச்சில் மறைந்திருக்கும் ஒரு பொறியின்வழி அக்கலையை அறிவோம்.

தறியும் தடமும்

கோவை மாவட்டத்துச் சோமனூர் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். பாவு நூல் சுற்றிய உருளைகளைத் தறிக்கூடங்களுக்குக் கொண்டுசேர்ப்பதும் நெய்த காடாத் துணியை ஏற்றிச்செல்வதும் சரக்கு ஊர்திகளின் பணி. ஐப்பசி மழையில் குழைந்த மண்தடத்தில் ஊர்தி சிக்கினால் பாவு வந்துசேராது, தறி நிற்கும், கூலியும் நிற்கும். அப்போது ஒரு பின்சக்கரம் சேற்றில் வீணே சுழல, மற்றொன்று அசையாது நிற்பதைக் காணலாம். இதற்குக் காரணம் என்ன?

பல்லிணையின் பணி

ஊர்தி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுதியான தொலைவைக் கடக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிப்பது ‘டிஃபரன்ஷியல்’ எனப்படும் வேறுபாட்டுப் பல்லிணை. அது இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சமமான திருப்பு விசையையே வழங்கும். சேற்றிலுள்ள சக்கரம் சுழலச் சிறிது விசையே போதும். ஆகவே, உறுதியான தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அச்சிறு விசையே கிடைக்கிறது.

இக்குறையைப் போக்க அமைந்ததே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் பல்லிணை. அதன் ஒரு வகையில் உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுச் சுருள்வில்லால் அழுத்தப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் விரைந்து சுழல முற்படும்போது, தகடுகளின் உராய்வு மற்றதற்கும் விசையைச் செலுத்தும். தகடுகள் தேய்ந்தால் அது சாதாரணப் பல்லிணை போலாகிவிடும்.

தெரிந்து தெளிவோம்

நூற்பாலையின் ‘சிம்ப்ளக்ஸ்’ இயந்திரத்திலும் வேறுபாட்டுப் பல்லிணை பயன்பட்டது. நூல் சுற்றச்சுற்ற பாபினின் விட்டம் பெருகும். அதற்கேற்ப அதன் வேகத்தை மாற்ற இப்பல்லிணை உதவியது.

காரணம் காணல்

முதலில், ஊர்தியில் இருப்பது எவ்வகைப் பல்லிணை என்பதை உறுதிசெய்ய வேண்டும். சாதாரணப் பல்லிணையில் ஒரு சக்கரம் சுழல்வது பழுதன்று, இயல்பு. அடுத்து, பின்சக்கர டயர்களை ஒப்பிட வேண்டும். அவற்றின் அளவு வேறுபட்டால், நேர்சாலையிலும் தகடுகள் ஓயாது உரசித் தேயும். பின்னர் எண்ணெயை வடித்து நோக்க வேண்டும். கருகிய மணமும் மிகுதியான துகள்களும் தேய்மானத்தைக் காட்டும். திரும்பும்போது மட்டும் அதிர்வு தோன்றினால், எண்ணெயோ அதில் சேர்க்கும் உராய்வு சீராக்கியோ பொருந்தாமல் இருக்கலாம். எண்ணெயை மாற்றினாலே தீரக்கூடிய குறைக்காகப் பல்லிணையைப் பிரிப்பது வீண்செலவு.

இறுதியாக அளந்தறிய வேண்டும். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நடுநிலையில் நிறுத்தி, கைத்தடையை விடுவிக்க வேண்டும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் உயர்த்தித் தாங்கியில் நிறுத்தி, டார்க் ஸ்பேனரால் அச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். தேவைப்படும் விசை, தயாரிப்பாளர் கையேடு குறிக்கும் அளவுக்குக் குறைந்தால் தகடுகள் தேய்ந்துள்ளன எனலாம். இந்நிலையில் என்ஜினை இயக்கிக் கியரில் இடவே கூடாது. தரையிலுள்ள சக்கரம் விசை பெற்று, ஊர்தி தாங்கியிலிருந்து பாய்ந்து உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

பழுது நீக்கல்

பிரித்தெடுத்த தகடுகளின் தடிமனைத் திருகு அளவியால் அளந்து கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். கருகியவற்றையும் நெளிந்தவற்றையும் நீக்க வேண்டும். புதிய உராய்வுத் தகடுகளைக் குறிப்பிட்ட எண்ணெயில் ஊறவைத்து, முன்பிருந்த வரிசையிலேயே அடுக்க வேண்டும். இடைவெளியை மெல்லிய ஈடுதகடுகளால் சரிசெய்து, உரிய எண்ணெயை நிரப்பியபின், ஊர்தியை எட்டு வடிவில் மெதுவாக ஓட்டினால் தகடுகளிடையே எண்ணெய் பரவும். சீராக்கியை அளவுக்கு மீறிச் சேர்த்தால் பிடிப்பே குறையும்.

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்க என்னும் வள்ளுவர் நெறி பட்டறைக்கும் பொருந்தும். ஊகத்தால் உறுப்பை மாற்றுவோர் பொருளை இழப்பர். அளந்து முடிவுசெய்வோர் பொருளோடு உயிரையும் காப்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, இணையான தமிழ்ச்சொற்களைப் பட்டியலிடுக.
2. ‘பழுதும் காரணமும் ஒன்றல்ல’ – பாடத்திலிருந்து இரு சான்றுகள் தந்து விளக்குக.