எரிந்த நகரங்களை வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பது?

ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர், பாண்டியர் பாடம் நடந்துகொண்டிருந்தது. முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டின்மீது படையெடுத்து, தஞ்சையையும் உறையூரையும் எரித்தான் என்று கூறிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அந்த ஊர்ச் சனங்க எல்லாம் எங்க சார் போனாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவளே மெல்லச் சொன்னாள்: "எங்க அம்மம்மா ஊரும் அப்பிடித்தான் சார் எரிஞ்சுச்சு." அவள் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை.

பல ஆண்டுகளாக அந்த வரியை ஒரு வெற்றிச் செய்தியாகவே நடத்தி வந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு பாடத்தை வேறு வகையில் திட்டமிட்டேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். தமிழ் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் இணைந்து இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தலாம்.

ஆசிரியருக்கான பின்னணி

பகைவர் நாட்டை எரிப்பது பழந்தமிழ்ப் போரில் தற்செயலாக நடந்த ஒன்றல்ல. அது போர்முறையின் ஒரு பகுதி. தொல்காப்பியப் புறத்திணையியல் வஞ்சித் திணையில் 'எரிபரந்தெடுத்தல்' என்பதை ஒரு துறையாகவே குறிக்கிறது. பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை பகைவர் நாட்டை எரிப்பதை 'உழபுலவஞ்சி' என்றும், வீடுகளைக் கொள்ளையிடுவதை 'மழபுலவஞ்சி' என்றும் பெயரிட்டுப் பிரிக்கிறது. அழித்த கோட்டையைக் கழுதை ஏரால் உழுது, வரகும் கொள்ளும் விதைப்பது 'உழுது வித்திடுதல்' எனப்படும்.

புறநானூற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, தேரோடிய பகைவர் தெருக்களைக் கழுதை பூட்டிப் பாழ்செய்ததை நெட்டிமையார் 15ஆம் பாடலில் கூறுகிறார். அதியமான் மகன் பொகுட்டெழினி இவ்வாறு உழுது வரகும் கொள்ளும் விதைத்ததை ஔவையார் 392ஆம் பாடலில் குறிப்பிடுகிறார்.

இந்த வழக்கம் சங்க காலத்தோடு முடியவில்லை. கி.பி. 1216இல் பட்டத்துக்கு வந்த சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தியும் இதையே பெருமையாகப் பேசுகிறது. இரு நகரங்களுக்கும் தீ வைத்தது, நீர்நிலைகளைக் கெடுத்தது, மதிலும் கோபுரமும் மாளிகையும் மண்டபமும் இடித்தது, பணியாத அரசர்களின் பெண்கள் அழுத கண்ணீர் ஆறாக ஓடியது, கழுதையால் உழுதது என்று வரிசையாக அடுக்குகிறது. அழிவுக்கு நடுவே ஒரு பதினாறுகால் மண்டபம் மட்டும் இடிக்கப்படாமல் விடப்பட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டு கூறுகிறது. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் அளித்த மண்டபம் அது என்பதே காரணம்.

பின்னர் பாண்டியன் மூன்றாம் குலோத்துங்கனுக்கு முடியைத் திருப்பிக் கொடுத்தான். அதனால் 'சோணாடு வழங்கியருளிய' என்ற பட்டமும் பெற்றான். அரசனுக்கு முடி திரும்பக் கிடைத்தது. ஊர் மக்களுக்கு வீடு திரும்பக் கிடைத்ததா என்பதை மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. அந்த மாணவி கேட்டது இதைத்தான்.

முதல் பாடவேளை: சான்றைப் படித்தல்

செயல்பாடு 1. "கொள்ளு எந்த நிலத்தில் விதைப்பார்கள்?" என்ற கேள்வியுடன் தொடங்குங்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகள் உடனே "மானாவாரிக் காட்டுல சார்" என்பார்கள். வரகும் அப்படியே. "அப்படியானால் அரண்மனை இருந்த தெருவில் கொள்ளு விதைப்பதன் பொருள் என்ன?" என்று அடுத்துக் கேளுங்கள். இனி இது நகரமல்ல, வெறுங்காடு என்று அறிவிப்பதுதான் நோக்கம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். மாட்டுக்குப் பதில் கழுதையைப் பூட்டியது அவமதிப்புக்காக என்பதையும் விளக்குங்கள்.

செயல்பாடு 2. மெய்க்கீர்த்தியின் செய்திகளை எளிய உரைநடையில் கரும்பலகையில் எழுதுங்கள். குழுக்களிடம் மூன்று கேள்விகள் கொடுங்கள். இதை யார் எழுதச் சொன்னது? யார் படிப்பதற்காக? இதில் யாருடைய குரல் இல்லை? மெய்க்கீர்த்தி என்பது அரசனைப் புகழும் பகுதி. எனவே அதில் மிகை இருக்கலாம். ஆனால் அழிவைச் சொல்வது புகழாகக் கருதப்பட்டது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி.

செயல்பாடு 3. தோற்றவர் தரப்புச் சான்றையும் ஒப்பிடுங்கள். சோழர் படையெடுப்பைப் பற்றிச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனின் கி.பி. 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு கூறுகிறது. ஒன்பது லட்சம் பேர் கொண்ட படை நாட்டைச் சூறையாடி, பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றது என்பது அதன் குற்றச்சாட்டு. படையின் எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆயினும் நாம் பெருமையோடு படிக்கும் ஒரு வெற்றி, மறுபக்கத்தில் எப்படி நினைவுகூரப்பட்டது என்பதை மாணவர் உணர்வர். பாண்டியன் கெட்டவன், சோழன் நல்லவன் என்ற எளிய முடிவுக்கு அவர்கள் போகாமலிருக்க இந்த ஒப்பீடு அவசியம்.

இரண்டாம் பாடவேளை: மறுத்துப் பேசியவர்கள்

எரிப்பைப் பாடிய இலக்கியமே அதைத் தடுக்கும் குரல்களையும் கொண்டுள்ளது. பசுக்கள், அந்தணர், பெண்டிர், நோயாளிகள், புதல்வரைப் பெறாதோர் ஆகியோர் பாதுகாப்பான இடம் சேருங்கள் என்று அறிவித்துவிட்டுப் போரிடும் அறத்தை 9ஆம் பாடல் கூறுகிறது. பாடியவர் அதே நெட்டிமையார். பாடப்பட்டவன் அதே முதுகுடுமி. இரண்டு பாடல்களையும் அருகருகே வைத்து, "இவை ஒன்றோடொன்று பொருந்துமா?" என்று விவாதிக்கச் சொல்லுங்கள். கரிகாலனைப் பாடிய கருங்குழல் ஆதனார், எரியும் ஊர்களின் வெளிச்சத்தில் எழும் அழுகுரலை அரசனிடமே எடுத்துச் சொல்கிறார் (பாடல் 7).

கோவூர்கிழார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பகைவனான மலையமானின் குழந்தைகளை யானைக் காலில் இடறிக் கொல்லக் கிள்ளிவளவன் முனைந்தபோது அவர் குறுக்கே நிற்கிறார். யானையைக் கண்டு அழுகையை மறந்து, கூடியிருப்போரைக் கண்டு மிரளும் சிறுவர்களைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார் (பாடல் 46). பகைவரின் வாரிசை ஒழிக்கும் எண்ணத்துக்கு எதிராகத் தமிழில் எழுந்த மிகப் பழைய குரல்களில் ஒன்று இது.

உயர்நிலை வகுப்புகளில் உலகச் சான்றுகளையும் சேர்க்கலாம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர் என்று அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு வருத்தத்துடன் பதிவு செய்கிறது. வென்ற அரசனே வருந்தியது அரிது. கி.மு. 146இல் ரோமானியர் கார்த்தேஜ் நகரை எரித்து, எஞ்சிய மக்களை அடிமைகளாக விற்றனர்.

"இது இனப்படுகொலையா சார்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். இச்சொல்லுக்கு இணையான ஆங்கிலச் சொல்லை 1944இல் ரபேல் லெம்கின் உருவாக்கினார். 1948இல் ஐ.நா. அவை அதற்கான உடன்படிக்கையை ஏற்றது. ஒரு தேசிய, இன, மத மக்கள் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தால்தான் அச்சொல் பொருந்தும். நகரை எரிப்பது, மக்களைத் துரத்துவது, ஒரு மக்கள் குழுவையே அழிப்பது ஆகிய மூன்றையும் மாணவர்கள் வேறுபடுத்த வேண்டும். சுந்தர பாண்டியன் அழிக்க நினைத்தது சோழ அரசின் பெருமையை; அவ்வளவுதான் சான்றிலிருந்து சொல்ல முடியும். சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துவதால் துன்பத்தைக் குறைத்துச் சொல்வதாக ஆகாது.

களப்பயணம்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாயக்கர், மைசூர் ஆட்சியாளர், 1790இல் ஆங்கிலேயர் எனப் பல கைகள் மாறிய கோட்டை அது. பீரங்கி மேட்டில் நின்று பீரங்கியை மட்டும் காட்டாதீர்கள். கீழே தெரியும் சமவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றுகை நடந்த நாள்களில் அங்கிருந்த கிணறு, பயிர், மாடு, முதியவர் என்ன ஆகியிருப்பார்கள் என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

போரால் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை எழுப்பி, "உன் கதையைச் சொல்" என்று கேட்கக் கூடாது. அவர்களாகப் பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள். கொடூரக் காட்சிகளை நடித்துக்காட்டச் செய்ய வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்குக் கோவூர்கிழார் கதை மட்டும் போதும்.

மதிப்பீடு

1. மெய்க்கீர்த்தியை முழுமையாக நம்பலாமா? இரண்டு காரணங்கள் தருக.
2. அரண்மனைத் தெருவில் கொள்ளு விதைத்ததன் பொருள் யாது?
3. எரிந்த உறையூரிலிருந்து வெளியேறும் ஒரு நெசவாளர் தம் உறவினருக்குச் சொல்லும் செய்தியை எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு அந்த மாணவி எழுதிய விடையில் நெசவாளர் தறியை விட்டுவிட்டு வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். வீடு இல்லாதபோது சாவி எதற்கு என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். "திரும்பி வருவோம்னு நெனச்சுத்தான்" என்றாள். வகுப்பில் அதன்பின் யாரும் அந்தப் படையெடுப்பை வெறும் ஆண்டுக் குறிப்பாகப் படிக்கவில்லை.