பாறையில் வாழும் ஊசியிலைச் செடி

பத்துமலைக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் பலர், அங்கிருந்து கிழக்கே உலு கிள்ளான் வழியாகப் பயணம் செய்கையில், மெலாவத்தி வட்டாரத்தில் மதில்போல் உயர்ந்து நிற்கும் குன்றுத் தொடர் ஒன்றைக் கண்டிருப்பர். அதுவே கிள்ளான் கேட்ஸ் முகடு. அதன் ஒரு பகுதிக்குப் புக்கிட் தாபூர் என்று பெயர். கிள்ளான் ஆறு இத்தொடரை ஊடறுத்து வெளிவருகிறது. அவ்விடத்தில் 1958 ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்டது. அந்த ஆறே பின்னர் கோலாலம்பூரில் பாய்ந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சென்று, கிள்ளான் நகரைக் கடந்து கடலில் கலக்கிறது.

பத்துமலை சுண்ணாம்புக் கல்லால் ஆனது. இம்முகடோ குவார்ட்ஸ் என்னும் வெண்படிகப் பாறையால் ஆனது. சுற்றிலும் இருந்த கருங்கல் காலப்போக்கில் கரைந்து தேய்ந்தது. உறுதி மிக்க வெண்படிகம் மட்டும் தேயாமல் எஞ்சி நின்றது. அப்பாறையில் மண் மிகக் குறைவு. உரச்சத்து அதனினும் குறைவு. பெய்த மழை உடனே வழிந்தோடிவிடும். வெயிலும் காற்றும் கடுமையாக இருக்கும். இத்தகைய இடத்திலும் செழித்து வாழும் செடியொன்றைப் பற்றியே இவ்விதழில் காண்போம்.

செடியின் இயல்பு

மலாய் மக்கள் இதனைச் சுச்சூர் அத்தாப் என்பர். 1753 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், தம் நண்பரான மருத்துவர் ஆபிரகாம் பெக் என்பவரின் நினைவாக இதற்குப் பெக்கியா புரூட்டெசென்ஸ் என்று பெயரிட்டார். நாவல், கொய்யா, கிராம்பு ஆகியவை சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். இலை ஊசிபோல் மெல்லியது. நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். கசக்கினால் நறுமணம் வீசும். பூக்கள் வெண்மையானவை, மிகச் சிறியவை.

இலை ஏன் ஊசியாயிற்று? கோடையில் ரப்பர் மரம் இலையுதிர்ப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அகன்ற இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்க அம்மரம் கையாளும் வழி அது. ஊசியிலைச் செடி இலையை உதிர்ப்பதில்லை. இலையையே சிறிதாக்கிக் கொண்டுள்ளது. பரப்புக் குறையவே, நீர் இழப்பும் குறைகிறது.

இச்செடி இம்முகட்டுக்கு மட்டும் உரியதன்று. கெடாவின் குனோங் ஜெராய், ஜொகூரின் குனோங் லேடாங் ஆகிய மலைகளிலும், கிழக்குக் கரையின் மணற்பாங்கான நிலங்களிலும் வளர்கிறது. தென்சீனம் முதல் ஆஸ்திரேலியா வரை இது பரவியுள்ளது.

தோட்டத்தில் வளர்க்கும் முறை

குறுமரமாகத் தொட்டியில் வளர்ப்போர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். நம் லயத்து வாசலிலும் இது அழகுற வளரும். ஆயினும் ரப்பர் மர நிழல் இதற்கு ஆகாது. முழு வெயில் வேண்டும். தொட்டியின் அடியில் துளையிட்டு, மணல் மிகுந்த கலவையை நிரப்புக. தினமும் நீர் ஊற்றுக. ஆனால் நீர் தேங்க விடலாகாது. மிகுதியாக உரமிட வேண்டா. கிளையை நறுக்கும்போது சிறிதேனும் பச்சை இலையை விட்டு நறுக்குக. முற்றாத கொம்புத் துண்டுகளை ஈர மணலில் ஊன்றி, நிழலில் வைத்துப் புதுக்கன்று பெறலாம். வளர்ச்சி மெதுவாகவே இருக்கும்; பொறுமை வேண்டும்.

பறித்து வரலாகாது

இங்கே முக்கியமான ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். குன்றிலுள்ள செடியைப் பெயர்த்து வந்து நட்டால் என்ன என்று சிலர் எண்ணலாம். ரப்பர் ஒட்டுக்கட்டையின் வேரை நறுக்கி நட்டாலும் அது தளிர்க்கும், நாம் அறிந்ததே. இச்செடியோ அவ்வாறன்று. பாறை வெடிப்பில் ஆழச் சென்ற வேர் பெயர்க்கும்போது அறுந்துவிடும், செடியும் பட்டுப்போகும். அது பற்றியிருந்த சிறிதளவு மண்ணும் அடுத்த மழையில் அடித்துச் செல்லப்படும். பின்னர் அவ்விடத்தில் வேறொரு செடி முளைப்பதும் அரிதாகும். இம்முகட்டைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத தாவரங்கள் சிலவும் அதே மண்ணை நம்பி வாழ்கின்றன என்பதை மறத்தல் ஆகாது. மேலும், நிரந்தர வனக்காப்பு நிலத்தில் உரிமமின்றி வனப்பொருள் எடுப்பது 1984 ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும். அக்குன்றில் ஏறுவதற்கும் வன இலாகாவின் அனுமதி தேவை.

ஆகவே, கன்று வேண்டுவோர் நாற்றங்காலில் வளர்த்த கன்றையே வாங்குக. அல்லது வளர்ப்பவரிடம் ஒரு கொம்பு கேட்டுப் பெறுக. இச்செடியின் இலையைப் பிள்ளை பெற்ற தாய்மார்க்குக் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் மலாய்க் குடும்பங்களில் உண்டு. எனினும் மருத்துவரைக் கேளாமல் அதனை உட்கொள்ளலாகாது.

அடுத்த முறை அக்குன்றின் அடியில் செல்லும்போது பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுங்கள். செடி குன்றிலேயே இருக்கட்டும். அதன் இனம் நம் வாசலிலும் வளரட்டும்.