அணிகருவிகளும் தொற்றுநோய்த் தடுப்பும்

காய்ச்சலின்போது ஓய்விலும் இதயம் வேகமாகத் துடிக்கும்; உறக்கமும் மாறும். கைப்பட்டி போன்ற அணிகருவிகள் இவற்றை இரவு பகலாகப் பதிகின்றன. அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் 47,000க்கும் மேற்பட்டோரின் இத்தகைய பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, இன்புளுவன்சா போன்ற நோயின் பரவலை மேலும் துல்லியமாகக் கணிக்க முடிந்தது என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதே ஆண்டு சிங்கப்பூர், ஸ்மார்ட் தொலைபேசி இல்லாத முதியோருக்கு முதலில் சிறு புளூடூத் கருவியை வழங்கியது. அருகில் வந்த கருவிகளை அது குறித்துக்கொண்டது. ஒருவருக்குக் கொவிட்-19 உறுதியானால், அவருடன் இருந்தோரை விரைவில் எச்சரிக்க முடிந்தது.

அத்தகவலைக் குற்ற விசாரணைக்குப் பொலிஸாரும் பெறலாம் என 2021 ஜனவரியில் தெரியவந்ததும் மக்கள் அதிருப்தியடைந்தனர். அடுத்த மாதமே, ஏழு வகைப் பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும் எனச் சட்டம் வரையறுத்தது.

நம்பிக்கை போனால் கருவியைக் கழற்றி வைப்பார்கள். கழற்றிய கருவி எந்த நோயையும் தடுக்காது.