மழலைப் பருவமும் செல்போன் திரையும்

சோறூட்டும்போதும், அழுகையை அமர்த்தும்போதும், உம்மா அடுப்படியில் இருக்கும்போதும் பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுப்பது இன்று பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. "சூரா ஓதும் படம்தானே பார்க்கிறது? அதில் என்ன தவறு?" என்று கேட்கும் தாய்மார்களும் உண்டு. இதைச் சற்று ஆராய்வோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் வரம்பு வகுத்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும், ஒரு வயதுக் குழந்தைக்கும் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது; குறைந்தால் இன்னும் நல்லது. படம் நல்லதா கெட்டதா என்று பார்த்து இந்த வரம்பு மாறுவதில்லை.

காரணம் என்ன? அமெரிக்காவில் பேட்ரிசியா குல் என்பவரும் அவருடைய குழுவினரும் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 தடவை கேட்கச் செய்து, 2003-ல் முடிவை வெளியிட்டனர். நேரில் ஒருவர் பேசிக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகளுக்கு அது பதியவில்லை. திரை பேசும், பிள்ளையின் முகம் பார்த்துப் பதில் சொல்லாது. ஆகவே, பிள்ளையின் நெஞ்சில் சூரா பதிய வேண்டுமென்றால் உம்மாவின் வாயே முதல் மதரஸா.

அப்படியானால் வளைகுடாவில் இருக்கும் வாப்பா பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் அனுமதித்த விதிவிலக்கு இது. அங்கே பிள்ளை சிரித்தால் வாப்பாவும் சிரிக்கிறார் அல்லவா?

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. சாப்பாட்டு வேளையில் செல்போன் வேண்டாம்.
2. உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.
3. அழுகைக்கு மருந்தாகக் கொடுக்காதீர்கள். தூக்கிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள்.
4. 2 வயதுக்கு மேல் காட்டினால், உடனிருந்து பார்த்து, "இது என்ன?" என்று கேளுங்கள்.

வாப்பா தொழ நின்றால் பக்கத்தில் வந்து தானும் ஸஜ்தா செய்கிறது பிள்ளை. அவர் செல்போனோடு உட்கார்ந்தால் அதையும் அப்படியே கற்றுக்கொள்ளும். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முதலில் நம் கையிலுள்ளதைக் கீழே வைப்போம்.