வாடகையா, விலையா: படைத்தவர் கைக்கு எது போகும்?

கேள்வி: நியூஜெர்சியில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். போன வருஷம் வந்த ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்க்கலாம் என்று டிவியைப் போட்டால், வாடகைக்கு 4 டாலர், வாங்க 15 டாலர் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான். காசு எனக்குப் பெரிதில்லை. படம் எடுத்தவர்களுக்கு உருப்படியாக ஏதாவது போய்ச் சேர வேண்டும். எதை அழுத்துவது? நம் ஊர்ப் படங்களுக்கும் இதே கணக்குதானா?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: படம் எப்படி என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதங்கள் வரும். பார்த்த காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்களே, மிகவும் சந்தோஷம். வங்கியில் இருந்தவர் என்பதால் கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறேன்.

15 டாலர் பெரிது, 4 டாலர் சிறிது. ஆகவே வாங்குவதுதான் அதிக உதவி என்றே எவருக்கும் தோன்றும். படத்தை வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு அது சரி. கதை எழுதியவருக்கும் நடித்தவருக்கும் அது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வருவது ‘ரெசிடுவல்’ என்னும் தொகை. அதாவது, படம் தியேட்டரை விட்டு வேறு வழிகளில் மறுபடி ஓடும்போது, சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் பங்கு. இந்தப் பங்கை உங்கள் பொத்தானின் விலை முடிவு செய்வதில்லை. தொழிற்சங்கமும் ஸ்டுடியோக்களும் போட்ட ஒப்பந்தத்தில் வாடகைக்கு ஒரு வீதம், விற்பனைக்கு வேறொரு வீதம் எழுதியிருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் 2008 ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் படம் வாடகைக்குப் போனால், விநியோகஸ்தருக்கு வரும் தொகையில் எழுதியவர்களுக்கு 1.2 சதவீதம். விற்பனையானால் முதல் 50,000 பிரதி வரை 0.36 சதவீதம், அதற்குமேல் 0.65 சதவீதம்.

டிஜிட்டல் கடை 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் 4 டாலரில் 2.80 விநியோகஸ்தருக்குப் போகும். அதில் எழுத்தாளர் பங்கு சுமார் 3.4 சென்ட். 15 டாலர் கொடுத்து வாங்கினால் 10.50 போகும், பங்கு சுமார் 3.8 சென்ட். படம் 50,000 பிரதியைத் தாண்டியிருந்தால் 6.8 சென்ட். கிட்டத்தட்ட நாலு மடங்கு காசு கொடுக்கிறீர்கள். எழுதியவருக்குக் கூடுதலாகப் போவது ஆரம்பத்தில் அரை சென்ட்கூட இல்லை! நடிகர்களுக்கு வழக்கமாக இதைப்போல் மூன்று மடங்கு வீதம். ஆனால் அதைப் படத்தில் நடித்தவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கேமரா, லைட், தையல் என்று உழைக்கும் தொழிலாளர்களுக்கு உரிய பங்கு கையில் வராது. அவர்களுடைய ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குப் போகும்.

ஏன் இப்படி ஒரு தலைகீழ் கணக்கு? காரணம் வீடியோ கேசட். கேசட் வந்த புதிதில், நாடா, பெட்டி, அச்சு, லாரி என்று செலவு கொள்ளை போகிறது என்றன ஸ்டுடியோக்கள். அதனால் மொத்த விற்பனைத் தொகையில் 20 சதவீதத்தை மட்டும் வருமானமாக எடுத்துக்கொண்டு, அதில்தான் பங்கு என்று கணக்கு வைத்தார்கள். எழுத்தாளர் வீதம் 1.5 சதவீதம், முதல் பத்து லட்சம் டாலருக்கு மேல் 1.8 சதவீதம். இதை எதிர்த்து 1985-ல் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது; இரண்டு வாரத்தில் முடிந்துபோனது. 20 சதவீதக் கணக்கு அசையவில்லை. 20 சதவீதத்தில் 1.8 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்: 0.36! அச்சும் இல்லை, லாரியும் இல்லை என்றான பிறகும் கேசட் காலத்து வீதம் டிஜிட்டல் விற்பனையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2007 நவம்பரில் தொடங்கி 100 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் 50,000-க்கு மேல் 0.65 என்று ஏறியது. வாடகைக்கு உள்ள 1.2 கேசட் வழி வந்ததல்ல. கட்டண டிவியில் படம் ஓடினால் தரும் வீதம் அது. செலவு என்று பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் கேசட் கணக்கு அதில் இல்லை. எழுதியவர்களுக்கு இழைக்கப்பட்ட பழைய அநியாயம் என்றே அந்தக் கேசட் கணக்கை நான் நினைக்கிறேன்.

வாடகை என்றாலே படைத்தவருக்கு நஷ்டம் என்று சொல்பவர்களும் உண்டு. தெருமுனை வீடியோ கடைக் காலத்தில் அது உண்மை. ‘முதல் விற்பனை’ என்ற சட்டக் கோட்பாட்டின்படி, ஒரு பிரதியை விலைக்கு வாங்கியவர் அதை விற்கலாம், வாடகைக்கும் விடலாம். உரிமையாளர் கேட்க முடியாது. கடைக்காரர் ஒரு கேசட்டை நூறு முறை வாடகைக்கு விட்டாலும் ஸ்டுடியோவுக்குக் கிடைத்தது ஒரு கேசட்டின் விலைதான். 1998 வாக்கில் பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகை நிறுவனம் ஸ்டுடியோக்களோடு வாடகைப் பணத்தைப் பங்கிட ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று நீங்கள் அழுத்தும் பொத்தான் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறுகிறது.

படம் லாபம் கண்டால் எழுதியவருக்கும் பங்கு வராதா என்பீர்கள். ‘நிகர லாபப் பங்கு’, அதாவது எல்லாச் செலவும் கழித்து மிஞ்சுவதில் பங்கு, என்று பலருடைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஆனால் மிஞ்சியதாக ஸ்டுடியோ ஒத்துக்கொள்ள வேண்டுமே. 1988-ல் வெளியாகிப் பெரு வெற்றி பெற்ற ‘கமிங் டு அமெரிக்கா’வின் கதைக் கரு தன்னுடையது என்று எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் வழக்குப் போட்டு வென்றார். நிகர லாபமே இல்லை என்றது படத்தின் ஸ்டுடியோவான பாராமவுண்ட். அந்தக் கணக்கு முறையே நியாயமற்றது என்று 1990-ல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே, சங்கத்தின் வழியாகப் பச்சை உறையில் வீடு தேடி வரும் ரெசிடுவல் காசோலையைத்தான் எழுத்தாளர்கள் நம்பியிருக்கிறார்கள். படமே கையில் இல்லாத மாதங்களில் வீட்டு வாடகை கட்டுவது பல பேருக்கு அந்தக் காசோலைதான்.

ஆகவே பெரிய ஸ்டுடியோ படத்துக்கு என் பதில்: ஒரு தடவை பார்ப்பதற்கென்றால் வாடகைக்கே எடுங்கள். மிச்சக் காசில் வேறு இரண்டு படத்தை வாடகைக்கு எடுத்தால், 12 டாலரில் மூன்று படங்களின் எழுத்தாளர்களுக்கும் சேர்த்து 10 சென்ட் போகும். பேரப்பிள்ளைகளோடு திரும்பத் திரும்பப் பார்க்கப்போகும் படமென்றால் வாங்குங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: டிஜிட்டலில் வாங்குவது பார்க்கும் உரிமத்தைத்தான், கடைக்கு உரிமை போய்விட்டால் படமும் போகலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் புது டிஸ்க் வாங்குங்கள். பழைய டிஸ்க் வாங்கினால் விற்றவருக்கு மட்டும்தான் காசு.

சங்க ஒப்பந்தத்துக்கு வெளியே, தன் கைக்காசில் படம் எடுத்துத் தானே விற்கும் இயக்குநர் என்றால் கணக்கு வேறு. அங்கே விலையில் பெரும்பகுதி நேரே அவருக்கு. யோசிக்காமல் வாங்குங்கள்.

இனி நம் ஊர். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் ஆசிரியர் என்றால் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. இயக்குநரும் நடிகர்களும் பேசிய சம்பளத்தோடு சரி, ரெசிடுவல் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. தயாரிப்பாளர் டிஜிட்டல் உரிமையை மொத்தமாக விற்றுவிட்டிருந்தால், நீங்கள் கொடுக்கும் வாடகை அவருக்குக்கூடப் போகாது. உரிமை வாங்கிய நிறுவனத்துக்குப் போகும். ஆனால் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் 2012 திருத்தச் சட்டம் ஒரு வழி வைத்தது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு. அதை எழுதிக்கொடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்க முடியாது. ஆகவே தமிழ்ப் படத்தில் படைத்தவர்களுக்குக் கைகொடுக்க வேண்டுமென்றால், வெளியான முதல் வாரத்தில் தியேட்டரில் டிக்கெட் எடுங்கள். அந்த வசூலைப் பார்த்துத்தான் அதே இயக்குநருக்கு அடுத்த படமும், அதற்கான சம்பளமும் பேசப்படுகிறது.